கோபாலன் இழந்த தங்கம்

1936-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15. பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்ற கோல் கணக்கில் வென்று தங்கம் பெற்றது. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்திய கிரிக்கெட் அணியின் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. இந்த இரண்டு ஆட்டங்களிலும் இடம் பெற்றிருக்கக்கூடிய ஒரு வீரர், இரண்டிலுமே ஆடவில்லை. அவர்தான் எம்.ஜே. கோபாலன்.

அவர் பிறந்த ஊர் மொறப்பாக்கம். இன்றைய திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் அது. வேகப்பந்து வீச்சாளரான கோபாலன் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவர்தான். 1935-இல் தியான் சந்துடன் ஹாக்கி அணியில் நியூசிலாந்து சென்று வந்தார். 1936-இல் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் அங்கே நடந்தது என்ன? அணித்தலைவர் விஜயநகரம் இளவரசர் விஸ்ஸி. பணமும் செல்வாக்கும் அவருக்கு அந்தப் பதவியைத் தந்தன. மூன்று டெஸ்ட்களில் அவர் எடுத்த மொத்த ரன்கள் 33! நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத், ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஓவல் டெஸ்டில் பாகா ஜிலானி சேர்க்கப்பட்டார். காலை உணவின்போது சி.கே. நாயுடுவை அவமதித்ததற்குக் கிடைத்த பரிசு அது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஜிலானிக்கு விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. கோபாலனுக்கோ மூன்று டெஸ்ட்களில் ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை. தொடரை இங்கிலாந்து 2-0 என்று வென்றது.

இதே பயணத்தில் சென்னையின் இன்னொரு வீரர் சி. ராமசாமி. வயது 40. 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். இந்த வயதில் டெஸ்டா என்று யாரும் கேட்கலாம். ஓல்டு டிராஃபோர்டில் அவர் 40, 60 ரன்கள் எடுத்தார். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41.

ராமசாமியின் தேர்வு சரியா என்ற கேள்விக்கு மைதானத்தில் பதில் கிடைத்தது. கோபாலன் விஷயத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. அதன்பின் அவர் டெஸ்ட் ஆடவில்லை. அந்த ஒரு டெஸ்டோடு சரி. ஒரு வீரரை அணியில் சேர்த்துக் கப்பலேற்றுவது பாதித் தேர்வுதான். களத்தில் இறக்குவதுதான் மீதிப் பாதி. அது ஒரு மனிதரின் விருப்பு வெறுப்பில் சிக்கினால், இழப்பு ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தானா?