கொட்டியாரக்குடாவும் வெள்ளைக் கப்பல்களும்

நெல் விளையும் கிளிவெட்டிக்கும் வாஷிங்டன் மாநகருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். எமது ஊருக்கு வடக்கே மூதூர். மூதூரின் முன்னே கொட்டியாரக்குடா. குடாவின் வடபால் திருகோணமலைத் துறைமுகம். அத்துறைமுகத்தில் நடந்த ஒரு பழம்போர், அமெரிக்காவின் பிறநாட்டுக் கொள்கையை வகுத்தோர் படித்த பாடங்களுள் ஒன்றாயிருந்தது என்பதே எமது விடை.

1782 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்த இத்துறைமுகத்தை, ஓகஸ்ட் மாத இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் கைப்பற்றினார். செப்டெம்பர் 3 ஆம் நாள் ஆங்கிலத் தளபதி ஹியூசின் கப்பல்களோடு வெளிக்கடலில் பொருதினார். வாடைக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. ஆகவே திருகோணமலையை வைத்திருப்பவனே வங்கக் கடலில் வலியவன். நூறாண்டுகளுக்குப் பின்னர், 1890 இல், அமெரிக்கக் கடற்படை அதிகாரியான அல்பிரட் மகான், கடலாதிக்கமே நாடுகளின் வாழ்வையும் தாழ்வையும் நிர்ணயித்தது என்று நிறுவும் பெருநூலொன்றை வெளியிட்டார். சுப்ரனின் இந்தியக் கடற்போர்கள் அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நூல் வெளிவந்த ஆண்டிலேயே அதைப் புகழ்ந்து மதிப்புரை எழுதிய இளைஞர் தியடோர் ரூஸ்வெல்ட்.

இந்த ரூஸ்வெல்டே 1901 இல் அமெரிக்கக் குடியரசின் தலைவரானார். அக்காலத்தை அமெரிக்கர் முற்போக்குக் காலம் என்பர். அப்பெயர் முற்றும் பொய்யன்று. 1902 இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசு துப்பாக்கியோடு முதலாளிகளின் பக்கம் போய் நிற்காமல் இரு தரப்பாரையும் அழைத்துப் பேசியது. 1904 இல் இரயில்வே முதலாளிகளின் ஏகபோகக் கூட்டொன்றைக் கலைக்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிக்காகோ இறைச்சிச் சாலைகளின் அழுக்கையும் அங்கு உழைத்தோரின் அவலத்தையும் அப்டன் சின்கிளேர் நாவலாக எழுத, 1906 இல் உணவுத் தூய்மைச் சட்டங்கள் பிறந்தன. (எழுத்தாளரின் பேனாவால் ஆவதொன்றுமில்லை என்போர் இதனைக் கருதுவாராக. எனினும், தொழிலாளிக்காக எழுதிய நாவலைப் படித்த மக்கள் தமது உணவைப் பற்றியே பெரிதும் கவலையுற்றனர் என்பதும் உண்மை.) 1913 முதல் செனட் சபையினரை மக்களே நேராகத் தேர்ந்தெடுத்தனர்.

இவை நடந்த அதே ஆண்டுகளில் கடலுக்கப்பால் நடந்தது யாது? 1898 இல் ஸ்பெயினோடு போரிட்டு வென்ற அமெரிக்கா, இரண்டு கோடி டொலர் கொடுத்துப் பிலிப்பைன் தீவுகளைப் பெற்றுக்கொண்டது. அத்தீவு மக்கள் ஏற்கெனவே தமது விடுதலையைப் பிரகடனம் செய்திருந்தனர். அவர்களை அடக்க 1899 இல் தொடங்கிய போரிலும், அதனோடு வந்த பஞ்சத்திலும் நோயிலும் மாண்ட குடிமக்கள் இரண்டு இலட்சத்துக்குக் குறையார் என மதிப்பிடுவர். வென்றெடுத்த தீவுகளுக்கு அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைகள் முழுமையாகப் பொருந்தா என்று 1901 முதல் உயர் நீதிமன்றமே வரிசையாகத் தீர்ப்புகள் வழங்கியது. 1903 இல் பனாமாவும் 1915 இல் ஹெயிற்றியும் அமெரிக்கப் படைபலத்தின் கீழ் வந்தன.

இவற்றை ஒரு கூட்டத்தார் செய்த நன்மை, வேறொரு கூட்டத்தார் செய்த தீமை எனப் பிரித்துவிட இயலாது. இந்தியானாவின் செனட்டர் பெவரிட்ஜை நோக்குவோம். 1906 இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்துக்காக வாதாடியவர் அவர். குழந்தைத் தொழிலாளரைக் காக்க மசோதா கொணர்ந்தவரும் அவரே. அவர்தாம் 1900 இல் செனட் சபையில் எழுந்து, பிலிப்பைன் தீவுகளுக்கு அப்பால் சீனத்தின் எல்லையற்ற சந்தை கிடக்கிறது, அத்தீவுகளைக் கைவிடலாகாது என்று முழங்கினார். தன் நாட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்காக இரங்கிய நெஞ்சு, பிலிப்பைன் உழவனின் பிள்ளைக்காக இரங்கவில்லை. ஆலைகள் பெருக்கிய பண்டங்களுக்குச் சந்தை வேண்டியிருந்தது. தன்னைத் தானே ஆளத் தகுதியற்றவன் கறுத்தவனும் பழுப்பு நிறத்தவனும் என்ற இனச் செருக்கு அதற்கு நியாயம் கற்பித்தது. மார்க் துவைனும் ஜேன் அடம்சும் இதனை எதிர்த்தனர் என்பதை மறைப்பது நேர்மையன்று. அவர்கள் சிறுபான்மையராய் நின்றனர்.

1907 டிசம்பரில் ரூஸ்வெல்ட் வெள்ளை வர்ணம் பூசிய பதினாறு போர்க்கப்பல்களை உலகைச் சுற்றி வர அனுப்பினார். மணிலாவைப் பார்த்துவிட்டு, 1908 டிசம்பரில் அவை கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. மகானின் பாடம் உருவெடுத்து இலங்கைக் கரைக்கே வந்ததென்று கொள்ளலாம்.

அடுத்து வில்சன். 1917 ஏப்ரல் 2 ஆம் நாள், ஜனநாயகத்துக்காகவே தமது நாடு போரில் இறங்க வேண்டும் என்று அவர் அமெரிக்கக் காங்கிரசில் உரையாற்றினார். அதே நாளில் கொழும்பில் பொன்னம்பலம் அருணாசலம் எமது அரசியல் தேவைகள் குறித்துத் தமது புகழ்பெற்ற சொற்பொழிவை நிகழ்த்தினார். தற்செயலே, ஆயினும் நினைக்கத்தக்க தற்செயல். வில்சனின் சொல்லை நம்பியோர் எமது மக்களிடையே பலர். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியின் ஆசனத்திலும் இருந்த முதியவர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அவர்களுள் ஒருவர். அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்ட அந்த 1917 ஜூன் மாதத்தில், இந்தியாவுக்குச் சுயாட்சி வழங்க வாக்களித்தால் ஐம்பது இலட்சம் வீரர் மூன்று மாதங்களில் போர்முனைக்கு வருவர் என்று அவர் வில்சனுக்கே கடிதம் வரைந்தார். தணிக்கைக்குத் தப்பி, அமெரிக்கத் தம்பதியர் இருவர் அதனைக் கையோடு எடுத்துச் சென்றனர்.

ஆனால் கடிதம் சென்றடைந்த வாஷிங்டனில், வில்சனின் ஆட்சியிலேயே, அரசாங்க அலுவலகங்களில் கறுப்பின ஊழியர் வெள்ளையரினின்று பிரித்து அமர்த்தப்பட்டிருந்தனர். சுயாட்சிக்கான வாக்குறுதி எதுவும் வில்சனிடமிருந்து இந்தியாவுக்கு வரவில்லை. 1918 இல் கடிதம் வெளியானதும், சீர்திருத்தவாதி எனப் பெயர்பெற்ற இந்திய மந்திரி மொண்டேகு பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அதனை இழிவானதென்று கண்டித்தார். எழுபத்தைந்து வயது கடந்த சுப்பிரமணிய ஐயர், பிரித்தானிய அரசு தமக்கு அளித்த ‘சர்’ பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் அவ்வாண்டிலேயே துறந்துவிட்டார்.