வயிற்றுப்பாட்டுக்கு வரைந்தவை

1814-ல் நெப்போலியனின் ஆட்சி சரிந்தது. ரோமில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் மூட்டை கட்டினார்கள். ஓவியர் ஆங்க்ருக்கு வேலை கொடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவர், கையில் காசில்லை. போர் ஓய்ந்ததும் ஊர்சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயர்களைப் பென்சிலால் வரைந்து பிழைத்தார்.

அது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பிரெஞ்சு அகாதெமியின் ஏணியில் வரலாற்று, புராண ஓவியங்களுக்குத்தான் மேல்படி. உருவப்படம் அதற்குக் கீழேதான். 1801-ல் ரோம் பரிசு வென்றவருக்கு அந்த ஏணியே வேதம். "சின்னப் படம் வரைகிறவர் வீடு இதுதானா?" என்று கேட்டவரிடம், "இல்லை, இங்கே இருப்பவர் ஓவியர்" என்றாராம். அப்படி ஒரு கதை உண்டு.

ஆனால் அந்தப் படங்களைப் பாருங்கள். 1819-ல் வரைந்த வயலின் மேதை பாகனினி: முகத்தில் நுணுக்கமான நிழல், உடையில் இலகுவான கோடுகள். அந்தக் கை எங்கிருந்து வந்தது? சிலைகளையும் நிர்வாண மாதிரிகளையும் வருஷக்கணக்கில் வரையவைத்த அதே கல்வியிலிருந்துதான். வரையச் சொல்லிக்கொடுத்த இடமே, இதெல்லாம் பெரிய வேலை இல்லை என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டது.

1824-ல் 'பதின்மூன்றாம் லூயியின் நேர்ச்சை' பெரும் வெற்றி. மறு வருஷம் அகாதெமி உறுப்பினர். அந்தப் பிரம்மாண்ட ஓவியம் அவர் பிறந்த மோந்தோபானின் பேராலயத்தில் இருக்கிறது. அதன் முன் மரியாதையாக நிற்கலாம். எனக்கென்னவோ, ரோமில் காசு கொடுத்து அவர் எதிரே உட்கார்ந்தவர்களின் முகங்கள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன.