ஏரிக்கரையின் தந்தசுத்தி

வேடந்தாங்கலுக்குப் பறவைகளைக் காண வருகிறவர்கள் நீர்க்கடம்பின் கிளைகளை அண்ணாந்து நோக்குவார்களேயன்றிக் கரையோரத்து வேம்பையும் கருவேலத்தையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் மதுராந்தகம் சீமையின் ஏரிப்பாசனக் கிராமங்களில் பல தலைமுறைகளாக மனிதருடைய பல்லையும் ஈறையும் காத்து நின்றவை அந்த மரங்களே. 1790களில் இப்பகுதியின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்புப் பெற்றுக்கொண்ட குடியானவர்கள், விடியலில் வயலுக்குப் புறப்படுகையில் பல் துலக்கக் கையில் எடுத்தது இந்தக் குச்சிகளைத்தான். பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவையும் காலைக் கடன்களைக் கூறுமிடத்து, குச்சியால் பல் துலக்குவதைத் தெய்வம் தொழுவதற்கு முன்னே வைத்திருக்கிறது.

சுண்டுவிரற் கனமுள்ள இளங்குச்சியின் நுனியை மென்று நாராக்கி, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, பின்பு அதையே இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்து எறிந்துவிடுவார்கள். கருவேலின் துவர்ப்பு ஈறை இறுக்கும். வேம்பின் கசப்பு கிருமிகளை ஒடுக்கும். நாளுக்கொரு புதிய குச்சியாதலால் பழைய அழுக்கு அதில் தங்க வழியில்லை. ஆனால் அது பல்லைப் பளீரென்று வெளுக்கச் செய்வதில்லை. அழகில் ஆசை கொண்ட மனம் அதனால் திருப்தியடையவில்லை என்பதிலிருந்தே இந்தச் சரித்திரத்தின் துன்பமான பகுதி தொடங்குகிறது.

நெல் விளையும் செங்கற்பட்டு ஜில்லாவில் உமிக்கு என்றுமே பஞ்சமில்லை. உமியைக் கரியாக்கி, உப்பைச் சேர்த்து, சில வீடுகளில் செங்கல் தூளையும் கலந்து விரலால் அழுத்தித் தேய்த்தால், பல் சீக்கிரம் வெளுத்தது உண்மை. உமியில் செறிந்திருக்கும் சிலிகா என்னும் கடினமான பொருள் கறையோடு எனாமலையும் அராவி எடுத்துவிடும் என்பதை அந்நாளில் யார் அறிவார்? எனாமல் ஒருமுறை தேய்ந்தால் மறுபடி வளர்வதில்லை. உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி வெளிப்பட்டதும், பல் அழுக்கடைந்துவிட்டதென்று எண்ணி இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள். குளிர்ந்த நீர் பட்டாற் கூசுவதை முதுமையின் குணமென்று பொறுத்துக்கொண்டார்கள்.

வெண்மையைவிடச் செம்மையே சௌந்தரியமென்று கருதிய மோகம் மற்றொன்று. கழிமுகத்துக் கிளிஞ்சல் காளவாயில் வெந்து சுண்ணாம்பாயிற்று. வெற்றிலையும் பாக்கும் அதனோடு சேர்ந்தவுடன் உதடு சிவந்தது. கலியாண வீட்டில் தாம்பூலமின்றி மரியாதை இல்லை. நன்றாக வாய் சிவந்த பெண்ணைக் கணவனின் அன்பைப் பெற்றவளென்று தோழிமார் பரிகசித்தார்கள். இந்த அன்பான வழக்கத்தை நிந்திக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் வினையை மறைக்கவும் கூடாது. பல்லில் கறையும் காரையும் படிந்து ஈறு விலகியது சிறு நஷ்டமே. சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த நிப்ளாக் 1902-லேயே வாய்ப் புற்றுக்கும் வெற்றிலை போடுவதற்குமுள்ள தொடர்பைச் சுட்டியெழுதினார். 1933-ல் நெய்யூரிலிருந்து டாக்டர் ஆர் அதையே விரிவாக எடுத்துரைத்தார். புகையிலையைச் சேர்த்து அடக்கிய வெற்றிலையை நெடுநேரம் கன்னத்தில் ஒதுக்கி வைப்பது கொடியதென்பது பின்னர் தெளிவாயிற்று. புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றை விளைக்குமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கை உறுதிப்படுத்தியது. முப்பதாண்டு, நாற்பதாண்டு தாம்பூலம் தரித்த பாட்டிமார் வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியை உறிஞ்சிக் குடிக்க நேர்ந்த காட்சியை எண்ணுகையில், எச்சரிக்கை இத்தனை காலம் கிராமத்தை எட்டாதது நெஞ்சை வருத்துகிறது.

பின்பு டப்பாக்களின் காலம் வந்தது. நஞ்சன்கூட்டில் 1913-ல் தோன்றிய பற்பொடியும், ரோஜா நிறத்துக் கோபால் பற்பொடியும், 1937-ல் இந்தியாவில் கம்பெனி தொடங்கிய கால்கேட்டும் சந்தைக்கு வந்தன. காப்பியும் சர்க்கரையும் அன்றாட ஆகாரமாகிவிட்டமையால் சொத்தைப் பல்லும் பெருகிற்று; அதைக் கவனிக்க 1953-ல் சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. இன்று வேடந்தாங்கலுக்குச் சமீபத்தில் மேல்மருவத்தூரிலேயே பல் மருத்துவக் கல்லூரி நடக்கிறது.

ஆனால் அழகின் ஆசை மட்டும் ஓய்ந்தபாடில்லை. பாட்டிமாரின் கரிப்பொடியே இப்போது கருநிறப் பற்பசையாய், பல்லை வெளுப்பாக்குமென்ற வாக்குறுதியுடன் விலையுயர்ந்த குழாயில் திரும்பி வந்திருக்கிறது. அதை வாங்குகிறவர் பல் காக்கும் ஃபுளோரைடு அதில் இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பார்ப்பதும், மென்மையான தூரிகையால் அழுத்தாமல் துலக்குவதும் நலம்.