கடலுக்கு நடுவே ஓர் ஓடுபாதை

1988 நவம்பர் 4. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆபீசில் பண்டிகை முன்பணப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். மாலத்தீவில் நம் ராணுவம் இறங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். "அந்தத் திட்டுத் திட்டான தீவில் விமானம் எங்கேய்யா இறங்கும்?" என்று கேட்டார் எங்கள் சூப்பரின்டெண்டென்ட். நியாயமான கேள்வி. பதில் எனக்குப் பல வருஷம் கழித்துப் படித்துத்தான் தெரிந்தது.

முந்தைய நாள் விடியற்காலையில் ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று மாலே நகருக்குள் புகுந்தது. திட்டம் போட்டவர் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவுக்காரர். ஜனாதிபதி கயூம் வீடு வீடாக மாறி ஒளிந்துகொண்டு, பல நாடுகளிடம் உதவி கேட்டார். ராஜீவ் காந்தி ஒப்புக்கொண்டார்.

ஆக்ராவிலிருந்து ஐஎல்-76 விமானங்கள் இரண்டு பாராசூட் படையினரோடு அன்று மாலை கிளம்பின. நான்கு எஞ்சின், இருபது சக்கரம், முழுச் சுமையோடு 190 டன் வரை கிளம்பக்கூடிய ரஷ்ய ராட்சசன். பறக்கும்போதே டயரில் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். மட்டமான ஓடுபாதைக்கென்றே அப்படிச் செய்திருந்தார்கள். போக வேண்டிய தூரம் சுமார் 2,500 கிலோமீட்டர்.

இறங்க வேண்டிய ஹுலுலே என்பதோ உல்லாசப் பயணிகளுக்கான விமான நிலையம். ஒரு தீவு முழுக்க ஓடுபாதைதான், நீளம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். இரு முனையிலும் கடல். பாராசூட்டில் குதிக்கலாம் என்றால், காற்று கொஞ்சம் தள்ளினாலும் வீரர்கள் தண்ணீரில் விழுவார்கள். என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் தரையில் இறங்குவது 'அத்தெரிர்', கடலில் இறங்குவது 'அமெரிர்'. ஹுலுலேயில் இரண்டுக்கும் நடுவே சில நூறு கஜம்தான்!

இன்னொரு கூத்து. ஆக்ராவில் விளக்கம் சொல்லும்போது காட்டியது ஹுலுலே படமே அல்ல, தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த கான் தீவின் பழைய பிரிட்டிஷ் விமானத் தளம். மாலேயில் நம் தூதர் ஏ.கே. பானர்ஜி தற்செயலாக டெல்லியில் இருந்ததால் தவறு பிடிபட்டது. அவரையே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கடிதத்தில் ஊர்ப் பெயர் மாறினாலே எங்களுக்கு மெமோ வரும்!

முதல் விமானத்தை ஓட்டியவர் குரூப் கேப்டன் பேவூர். ஓடுபாதை யார் கையில் இருக்கிறது என்று நிச்சயமில்லை. இரவு பத்து மணி வாக்கில், விமானத்தின் விளக்குகளை அணைத்துக்கொண்டு நெருங்கினார். ஓடுபாதை விளக்குகளைச் சில விநாடி மட்டும் போடச் சொல்லி, பார்த்து, இருட்டில் இறக்கினார். கலகக்காரர்கள் விமான நிலையத்தைப் பிடித்து வைக்காமல் விட்டிருந்தார்கள். ஓடுபாதை நடுவில் ஒரு லாரியை நிறுத்தியிருந்தால் கதையே வேறு.

வீரர்கள் படகில் மாலேக்குப் போனார்கள். விடிவதற்குள் கயூம் பத்திரம். கலகக்காரர்கள் பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பினார்கள். நம் ஐஎன்எஸ் கோதாவரி இலங்கைப் பக்கம் அவர்களை மடக்கியது. பிணைக்கைதிகள் எல்லாரும் உயிரோடு திரும்பவில்லை.

வந்திறங்கிய கூலிப்படை இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த தமிழ்ப் பையன்கள் என்ற செய்தி அதற்குள் வந்துவிட்டது. அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இருந்த நேரம் அது. அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸ் அதைக் கேட்டதும் அடங்கிவிட்டது. சூப்பரின்டெண்டென்ட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பட்டியல் முடிஞ்சுதா?" என்று கேட்டார்.