காணாமல் போன ஏழு ஆண்டுகள்

இறக்குமதிச் சரக்கோடு போட்டி போட முடியாமல் ஆலை மூடி, வேலை இழந்த அமெரிக்கத் தொழிலாளர்கள் அரசிடம் உதவி கேட்டுப் பெற 2022 வரை வழி இருந்தது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் போதும், அது ஒரு மனுவானது. தொழிலாளர் துறை அதற்கு ‘டிஏ-டபிள்யூ’ என்று தொடங்கும் எண் ஒன்றைக் கொடுத்தது. நிறுவனத்தின் பெயர், ஊர், மனுவின் தேதி எல்லாம் அரசிதழில் அட்டவணையாக வந்தன. தகுதி உண்டா இல்லையா என்ற முடிவு பிறகு வேறோர் இதழில் வந்தது.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனேன். 1975-ல் தடம் அறுந்துவிட்டது. ஆனால் அதிபர் கென்னடி வர்த்தக விரிவாக்கச் சட்டத்தில் கையெழுத்திட்டு இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது 1962 அக்டோபர் 11. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டு மனுக்கள் எங்கே போயின?

பழைய கோப்புகள் தொலைந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் தட்டியதே தப்பான கதவு. 1962 சட்டப்படி மனுக்களை விசாரித்தது சுங்கவரி ஆணையம். அதன் அறிக்கைகளில் எண்கள் ‘டிஇஏ-டபிள்யூ’ என்று தொடங்குகின்றன. நடுவில் ஒரே ஓர் எழுத்து கூடுதல். ‘விரிவாக்கம்’ என்பதற்கான ஆங்கில முதலெழுத்து அது. 1974-ல் புதிய சட்டம் வந்தபோது பெயரிலிருந்து அந்தச் சொல் போனது, எண்ணிலிருந்து எழுத்து போனது, விசாரணையும் தொழிலாளர் துறைக்குப் போனது.

கோப்புகள் அகப்பட்டதும் அடுத்த புதிர். 1969 நவம்பர் வரை தொழிலாளர் மனு ஒன்றுகூடத் தேறவில்லை. வாரக் கூலியில் 65 சதவீதம், 52 வாரம் வரை தருவதாக வாக்களித்த சட்டம், ஏழு ஆண்டுகள் ஒருவருக்கும் ஒரு காசு தரவில்லை.

சட்டத்தின் வாசகத்தை மறுபடி எடுத்தேன். அதில் இரண்டு பூட்டுகள் இருந்தன. இறக்குமதி கூடியதற்கு அரசு கொடுத்த சுங்கவரிச் சலுகை பெருங்காரணமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. வேலை போனதற்கு அந்த இறக்குமதி பெருங்காரணமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு செருப்பு ஆலையை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் கூலி மலிவு, உள்ளூர் இயந்திரம் பழசு, வாங்குபவரின் ரசனையும் மாறிவிட்டது. இத்தனைக்கும் நடுவே எப்போதோ குறைத்த வரியைத் தனியே பிரித்தெடுத்து, ‘இதுதான் பெருங்காரணம்’ என்று எப்படிக் காட்டுவது?

சந்தேகம் சரிதானா என்று பார்க்க ஒரு சாட்சியும் கிடைத்தது. கனடாவுடனான மோட்டார் வாகன ஒப்பந்தத்துக்காக 1965-ல் தனிச் சட்டம் போட்டார்கள். உற்பத்தி குறைந்து இறக்குமதி கூடியிருந்தால் ஒப்பந்தமே காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கான வாரியம் விசாரித்து ‘இல்லை’ என்று கண்டால் ஒழிய. அதே நாட்டில், அதே ஆண்டுகளில், அந்தச் சட்டத்தின் கீழ் தொழிலாளர்களுக்கு உதவி கிடைத்தது. பணமில்லாதது குறை அல்ல, நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதுதான் வேறுபாடு.

இதில் ஒரு கசப்பான திருப்பம் உண்டு. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவும் யோசனையை 1954-லேயே, வர்த்தகக் கொள்கையை ஆராய்ந்த ராண்டால் ஆணையத்தில் முன்வைத்தவர் எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மெக்டொனால்ட். 1962-ல் தொழிற்சங்கங்கள் தாராள வர்த்தகத்துக்குத் தலையாட்டியதே இந்த வாக்குறுதியை நம்பித்தான். பின்னாளில் அவர்களே இதை ‘சாவுச் செலவுக் காப்பீடு’ என்று கேலி பேசினார்கள்.

1974 சட்டம் வரிச்சலுகைப் பூட்டை முழுதாகக் கழற்றியது. இறக்குமதி முக்கியமான ஒரு காரணமாக இருந்தால் போதும், மற்றக் காரணங்களைவிடப் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்றது. கார் ஆலைகள் தள்ளாடிய 1980-ல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உதவி பெற்றார்கள்; செலவு 160 கோடி டாலர். மறு ஆண்டே ரீகன் அரசு கத்தரியை எடுத்தது.

பூட்டு பிறகு வேறொரு சொல்லில் தொங்கியது: ‘பொருள்’. உதவி பொருள் தயாரிப்பவர்களுக்கு மட்டும். மென்பொருள் வட்டிலோ நாடாவிலோ பதியப்படாவிட்டால் பொருளாகாது என்றது தொழிலாளர் துறை. வேலை இழந்த கணினி நிரலாளர்கள் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் சிலருடைய வேலை வந்து சேர்ந்தது நம் இந்தியாவுக்கு. 2006-ல் துறை இறங்கி வந்தது. 2009-ல் சேவைத் துறைத் தொழிலாளர்களுக்கும் சட்டம் இடம் கொடுத்தது.

2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் காலாவதியாகிவிட்டது. அதன் பின்னும் மனுக்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

இழப்பீடு, நிவாரணம் என்று எந்த அரசு எந்தச் சட்டம் கொண்டுவந்தாலும், தொகை எவ்வளவு என்பதைப் பிறகு பாருங்கள். காரணத்தை யார் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லும் வரியை முதலில் படியுங்கள்.