வேரூன்ற வேண்டிய ஆய்வு வைத்தியர்

நோயாளரைப் பார்த்து மருந்தெழுதும் பணியையும் நோயின் காரணத்தை முறைப்படி தேடும் பணியையும் ஒருவரே ஏற்று நடத்தும்போது அவர் ஆய்வு வைத்தியர் எனப்படுகிறார். கட்டிலருகே எழும் ஐயத்தை ஆய்வுக் கேள்வியாக வளர்த்து, கிடைக்கும் விடையை மீண்டும் அதே கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழிலாகும். அத்தகையோரை ஈர்ப்பதும் நிலைக்கச் செய்வதும் தலைநகரங்களுக்கு மட்டுமே உரிய கவலை என்று கருதுவது தவறென்பதற்கு இலங்கையின் மன்னார் மாவட்டமே சான்று.

இலங்கையில் 1963இல் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டறியப்பட்டது. கண்காணிப்புத் தளர்ந்ததும் அந்நோய் சில ஆண்டுகளிலேயே இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. நெடிய உழைப்பின் பயனாக 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு மன்னார்த் தீவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. நாட்டின் பழைய மலேரியா நுளம்பு ஆற்றுப்படுக்கைக் குட்டைகளில் பெருக, இப்புதிய இனத்தின் குடம்பிகளோ வீட்டுக் கிணறுகளில் வளர்ந்தன. மன்னார் மாவட்டத்து உயிலங்குளத்தில் வயலில் இறங்கிய உழவர் ஒருவர் காய்ச்சலுடன் வரும்போது, அது எலிக்காய்ச்சலா, டெங்கா, கடல் கடந்து வந்த மலேரியாவா என்று பிரித்தறிய வேண்டிய கடமை அங்குள்ள வைத்தியருடையது. ஊரின் நீரையும் பருவத்தையும் தொழிலையும் பல ஆண்டுகள் கவனித்து அறிந்தவருக்கே புதிய நோயின் முதற் குறி புலப்படும்.

ஆய்வுக்கு நிலைபேறு எத்துணை இன்றியமையாதது என்பதை ரொனால்ட் ரோஸின் வரலாறு உணர்த்துகிறது. இந்திய மருத்துவச் சேவையில் இருந்த அவர், 1897 ஓகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். ஆயினும் அடுத்த மாதமே இடமாற்றம் பெற்று, மலேரியா நோயாளர் அரிதாகவே கிடைத்த ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு அனுப்பப்பட்டார். இலண்டனில் இருந்த மருத்துவ ஆய்வாளர் பற்றிக் மான்சனின் பரிந்துரையால் 1898இல் கல்கத்தாவில் ஆய்வுக்கெனத் தனிப்பணி வாய்த்த பின்னரே, பறவைகளைக் கொண்டு கிருமியின் சுழற்சியை நிறுவி, 1902இல் நோபல் பரிசு பெற்றார். அவர் திறமையில் குறை இருந்ததில்லை; இடமும் நேரமும் பறிக்கப்பட்டதே தடையாயிற்று.

இன்றைய வைத்தியருக்கும் தடைகள் அவ்வகையினவே. ஆண்டு இடமாற்ற முறை தொலைதூர மாவட்டங்களுக்கு ஆட்களைப் பங்கிடும் நியாயமான ஏற்பாடு எனினும், தொடர் ஆய்வுக்கு இடம் தருவதில்லை. வெளிநோயாளர் பிரிவும் இரவுக் கடமையும், மாலையில் தனியார் மருத்துவமும் சேர்ந்து நாளை விழுங்கிவிட, ஆய்வு ஓய்வுநேரச் சுமையாகிறது. நிபுணராவதற்கு உரிய பயிற்சிக்காக வெளிநாடு செல்வோரை, பிள்ளைகளின் கல்வியும் வருமானமும் அங்கேயே நிறுத்திவிடுவதும் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடி இப்போக்கை விரைவுபடுத்தியது.

மாற்று வழிக்கு வடபுலத்திலேயே முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். பின்னர்ப் பாடமொழியைத் தமிழாக்கி, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். தம் மொழியில் கற்றோர் தம் மக்களிடையே தங்குவர் என்னும் எண்ணம் அம்முயற்சிக்கு அடிப்படையாக இருந்தது. ஊருடன் ஒட்டும் உறவே மனிதரை நிறுத்தும் என்ற அவ்வுண்மை இன்றும் பழையதாகவில்லை.

ஆதலால் மன்னாரிலும் வாரத்தில் குறித்த நாள்களை ஆய்வுக்கெனச் சம்பளத்துடன் ஒதுக்கும் நிலையான பதவிகளும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துடன் கூட்டு நியமனங்களும், பதவி உயர்வில் ஆய்வுக்குரிய மதிப்பும் ஏற்படுத்தப்பட வேண்டும். அவற்றுடன் தங்குமிடமும், பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும் அமைய வேண்டும். ஊர்ப் பிள்ளைகளே மருத்துவம் கற்று மீளும்போது இவ்வேற்பாடு முழுமை பெறும். ஸ்டெபன்சி நுளம்பு கிணற்றில் குடிபுக ஒரு பருவமே போதும். அதைக் கண்டறிந்து மக்களைக் காக்கும் வைத்தியர் வேரூன்றப் பல ஆண்டுகள் வேண்டும் என்பதால், அந்த ஆண்டுகளை அவருக்கு அளிப்பதே இம்மண்ணின் நலத்திற்குச் செய்யும் உறுதியான முதலீடாகும்.