கோச்சி முடக்கில் எப்படித் திரும்புகிறது?

போன தவணை பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு பதுளைக் கோச்சியில் போனோம். நானுஓயாவைத் தாண்டி ஒரு முடக்கில் சில்லுகள் கீச்சிட்டன. "சேர், பஸ்ஸுக்கு ஸ்டியரிங் இருக்கு. கோச்சிக்கு இல்லையே, எப்படித் திரும்புது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. வரலாற்றுப் பாடத்தில் 1867இல் கண்டிக்குக் கோச்சி வந்தது என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அது எப்படி மலை ஏறியது என்று நாங்களும் படிக்கவில்லை, படிப்பிக்கவும் இல்லை. தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறோம்.

கோச்சியின் இரண்டு பக்கச் சில்லும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும். ஆனால் முடக்கில் வெளிப்பக்கத் தண்டவாளம் நீளம் கூடியது. அதற்காகச் சில்லின் முகத்தைச் சற்றுச் சரிவாகச் செய்தார்கள். அச்சு வெளிப்பக்கம் ஒதுங்கும்போது, வெளிச்சில்லு தன் பெரிய சுற்றளவிலும் உட்சில்லு சிறிய சுற்றளவிலும் உருளும். இலேசான வளைவுக்கு இது போதும். இறுக்கமான முடக்கில் போதாது. சில்லு வழுக்கித் தேயும். நாங்கள் கேட்ட கீச்சொலி அதுதான்.

நீராவி எஞ்சினுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மலை ஏற நல்ல பிடிமானம் வேண்டும். அதற்குப் பல அச்சுகளை ஒன்றாகப் பிணைத்து ஓட்ட வேண்டும். அப்படிப் பிணைத்தால் எஞ்சின் நீண்ட ஒரே கட்டையாகிவிடும். வளைந்த குழாய்க்குள் அடிமட்டத்தைத் தள்ளிப் பாருங்கள், விளங்கும். ஏற்றம் கேட்பதை முடக்கு மறுக்கிறது.

இந்தச் சிக்கல் பெரிதாக வெளிப்பட்ட இடம் ஒஸ்ட்ரியாவின் செம்மரிங் மலை. கார்ல் வொன் கேகா அங்கே பாதை போட்டார். அதில் ஓடக்கூடிய எஞ்சின் அப்போது இருக்கவில்லை. 1851இல் போட்டி வைத்தார்கள். பரிசு 20,000 தங்க டுகாட். நான்கு எஞ்சின்கள் வந்தன. வென்றது 'பவேரியா'. அது அச்சுகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தது. சங்கிலி அன்றாட ஓட்டத்தைத் தாங்கவில்லை. தோற்றவற்றில் இரண்டு, சில்லுத் தொகுதியை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும்படி செய்திருந்தன. பரிசு பெற்ற சங்கிலி மறைந்துவிட்டது. தோற்றவர்களின் எண்ணம்தான் பின்னால் உலகெங்கும் மலைப்பாதைகளில் ஓடியது.

ஒஸ்ட்ரியாவின் கார்ல் கோல்ஸ்டோர்ஃப் வேறு வழி கண்டார். 1900இல் அவர் வடிவமைத்த எஞ்சினில் ஐந்து அச்சுகள் பிணைக்கப்பட்டிருந்தன. ஆனால் சில அச்சுகள் பக்கவாட்டில் கொஞ்சம் நகர இடம் விட்டிருந்தார். முடக்கு வந்தால் அவை ஒதுங்கிக் கொடுக்கும்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். செம்மரிங்கின் மிக இறுக்கமான வளைவின் ஆரை 190 மீற்றர். எங்கள் மலைநாட்டுப் பாதையில் 5 செயின், அதாவது சுமார் 100 மீற்றர்! ஏற்றமோ 44 அடிக்கு 1 அடி. அதுவும் ஐந்தரை அடி அகலப் பாதையில். அகலம் கூடக்கூட உள், வெளித் தண்டவாளங்களின் நீள வித்தியாசமும் கூடும்.

இதற்குப் பதிலாக வந்ததுதான் கரட் எஞ்சின். ஹேர்பர்ட் வில்லியம் கரட் 1907இல் காப்புரிமை எடுத்தார். கொதிகலன் நடுவில். முன்னும் பின்னும் இரண்டு எஞ்சின் தொகுதிகள். ஒவ்வொன்றும் தன்பாட்டில் திரும்பும். முதல் இரண்டும் 1909இல் தஸ்மேனியாவுக்குப் போயின. 1927இல் மான்செஸ்டரின் பெயர் பீகொக் கம்பனி இலங்கைக்கு ஒன்று செய்து அனுப்பியது. 1945இல் மேலும் எட்டு வந்தன. ஆறு இயக்கு அச்சுகள், மூன்று மூன்றாகப் பிரித்து. பிடிமானமும் குறையவில்லை, முடக்கும் தடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பதில் சொல்லிவிட்டோம். கோச்சியைத் தண்டவாளம்தான் திருப்புகிறது. எஞ்சின் செய்ய வேண்டியது, விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுப்பதுதான்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பா, மூத்தவாப்பா யாராவது ரயில்வேயில் நிலக்கரி அள்ளிப்போட்டவரா, ட்ரைவரா, வேர்க்ஷொப்பில் சில்லுக் கடைந்தவரா? அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். எஞ்சின்களின் கணக்கு புத்தகத்தில் இருக்கிறது. அவற்றை முடக்கில் ஓட்டியவர்களின் கதை அவர்களோடே போய்விடக் கூடாது.